படையும் பண்ணும்

அண்மையில் குமாரலிங்கபுரத்தில் நண்பர் ஒருவர் இல்லத் திருமணத்திற்கு நாம் சென்றிருந்தோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியை அறிந்தவர்களுக்கு அவ்வூரைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. கரிசல் நிலம், கண்மாய் பெருகினால் வாழ்வு, பெருகாவிட்டால் பயணம். மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. சிவப்புச் சட்டையும் பொன்னிறப் பட்டையும் தொப்பியும் அணிந்த பேண்டு வாத்தியக் குழுவினர் தெருமுனையில் வந்து நின்று, பெரிய டிரம்மை முழக்கித் தொடங்கினர். வாசித்தது ஏதோ திரைப்படப் பாட்டுத்தான். ஆயினும் அதன் தாளத்தில் படை நடை இருந்தது. நம் அருகே திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம் பக்கம் திரும்பினார்.

“பாய், எங்க அய்யா மலேயாவுல தோட்டத்துல இருந்தவரு. நேதாஜி படையில சேந்து பர்மா வரைக்கும் போனவரு. திரும்பி வந்தப்புறம் எங்க பேண்டு சத்தம் கேட்டாலும் ஒக்காந்திருக்க மாட்டாரு; எந்திரிச்சு நின்னுருவாரு. சாகுற வரைக்கும் அப்பிடித்தான்” என்றார்.

தோற்ற படை அது. பட்டினியாலும் நோயாலும் நொந்து திரும்பிய படை. அதில் நடந்த ஒருவர், தம் ஊர்த் தெருவில் கல்யாண பேண்டு கேட்ட போதெல்லாம் எழுந்து நின்றார் என்றால், அந்த ஓசைக்குள் இருந்தது என்ன? வீடு திரும்பிய பின்னரும் இவ்வினா நம்மை விடவில்லை. போர்க்காலத்தில் படையின் உள்ளத்தை இசை எவ்வாறு தாங்கியது என்பதை வரலாற்றில் சற்றுத் தேடிப் பார்த்தோம். கண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

தமிழர்க்கு இச்செய்தி புதிதன்று. பண்டைத் தமிழ் மன்னர்க்கு முரசு ஓர் இசைக்கருவி மட்டுமாக இருக்கவில்லை. அரசின் உயிராகவே இருந்தது. அதனை நீராட்டினர், அதற்கெனக் கட்டில் அமைத்தனர். பகைவனின் காவல் மரத்தை வெட்டுவதும் அவன் முரசைக் கவர்வதும் வெற்றிக்கு அடையாளங்கள். மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பு மிகுதியால் முரசு கட்டிலில் ஏறி உறங்கிவிட, வாளெடுக்க வேண்டிய சேர மன்னன் விசிறி எடுத்து வீசினான் என்ற செய்தியை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்தக் கதையின் அருமை, முரசின்மீது கைவைப்பது எத்தகைய குற்றமாகக் கருதப்பட்டது என்பதை உணர்ந்தால்தான் விளங்கும்.

இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இம்மரபை விட்டு விலகவில்லை. ‘படைப்போர்’ என்று தனியொரு இலக்கிய வகையையே அவர்கள் தமிழுக்கு வழங்கினர். வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர், அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர் ஆகியவற்றின் பெயர்களை நம் குடும்பங்களில் முதியோர் இருந்தால் கேட்டறியலாம்.

இனி இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க காலத்தைப் பார்ப்போம். ஹிஜ்ரி 3-இல் (கி.பி. 625) நடந்த உஹதுப் போரில் மக்கத்துக் குறைஷியரின் அணிகளுக்குப் பின்னால் அவர்களுடைய பெண்டிர் தஃப் முழக்கிப் பாடி ஆடவரைத் தூண்டினர் என்பதை வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். அபூ சுஃப்யானின் மனைவி ஹிந்து அவர்களுக்குத் தலைமை தாங்கினார். எதிரணியில் முஸ்லிம்களிடம் அத்தகைய கருவிகள் இல்லை, குரல் இருந்தது. தக்பீர் முழக்கமும், போர்க்களத்தில் வீரர்கள் தத்தம் பெயர் சொல்லிப் பாடும் ‘ரஜஸ்’ என்னும் சிறு பாக்களுமே அவர்களது இசை. ஹிஜ்ரி 5-இல் மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டியபோது, பசியும் குளிரும் வாட்ட, மண் சுமந்தவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் பாக்களைப் பாடினர். நாயகம் (ஸல்) அவர்களும் மண் சுமந்தவாறே அப்பாக்களைச் சேர்ந்து ஓதினார்கள் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. படையின் மனத்திடத்தைப் பற்றி இன்று பெரிய நூல்கள் எழுதப்படுகின்றன. தலைவனும் தொண்டனும் ஒரே கூடை மண்ணைச் சுமந்து ஒரே பாட்டைப் பாடிய அந்த அகழ்க்கரைக் காட்சி, அந்நூல்களைவிட நமக்கு அதிகம் சொல்கிறது.

கருவி இசையைப் படையின் ஓர் உறுப்பாகவே ஆக்கியவர்கள் உதுமானியத் துருக்கியர். அவர்களுடைய ‘மெஹ்தர்’ இசைக்குழு, இன்று உலகெங்கும் உள்ள இராணுவ பேண்டுகளுக்கெல்லாம் மூத்த குடி எனலாம். தாவுல் என்னும் பெருமுழவு, ஸுர்னா என்னும் நாதக்குழல், நக்காரா என்னும் இரட்டைப் பறை, போரு என்னும் எக்காளம், ஸில் என்னும் பெருந்தாளம் ஆகிய இவற்றோடு, யானைமீதும் ஒட்டகத்தின்மீதும் ஏற்றப்பட்ட ‘கோஸ்’ என்னும் பேரிகைகளும் அதில் இருந்தன. ஜானிஸாரிப் படை போரிடும்போது மெஹ்தர் குழு கொடியின் அருகே நின்று ஓயாமல் வாசிக்கும். புகையிலும் புழுதியிலும் கொடியைக் காண முடியாத வீரன், ஓசையைக் கேட்டு, கொடி இன்னும் நிற்கிறது என்று அறிந்துகொள்வான். ஓசை நின்றால் உள்ளம் தளரும். ஆகவே இசைக்குழுவைக் காப்பது கொடியைக் காப்பதற்கு ஒப்பான கடமையாயிற்று.

1683-இல் வியன்னா முற்றுகை தோல்வியில் முடிந்து துருக்கியர் திரும்பினர். ஆனால் அவர்களுடைய முழவும் தாளமும் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டன. அடுத்த நூற்றாண்டில் போலந்து மன்னர் ஒரு முழு மெஹ்தர் குழுவையே சுல்தானிடமிருந்து பரிசாகப் பெற்றார். பெருமுழவும் தாளமும் முக்கோண மணியும் ஒவ்வொன்றாக ஐரோப்பியப் படைகளில் குடியேறின. மொஸார்ட் போன்ற இசை மேதைகளும் அவ்வோசையைத் தம் ஆக்கங்களில் எடுத்தாண்டனர். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: 1826-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிஸாரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் கலைந்தது, 1828-இல் தம் புதிய படைக்கு இசை பயிற்றுவிக்க இத்தாலியிலிருந்து டோனிஸெட்டி என்பவரை அவர் வரவழைத்தார். துருக்கியர் ஐரோப்பாவுக்குக் கொடுத்ததை, ஐரோப்பியச் சட்டை அணிவித்துத் துருக்கியர்க்கே திருப்பிக் கொடுத்த கதை இது.

நம் நாட்டிலும் நக்காரா நுழைந்தது. முகலாயர் அரண்மனை வாயிலில் ‘நக்கார் கானா’ என்னும் முழவு மாடம் இருந்தது. அக்பரின் நக்கார் கானாவில் தமாமா 18 இணை, நக்காரா ஏறக்குறைய 20 இணை, ஸுர்னா 9 என்று அபுல் ஃபஸ்ல் தம் ஆயினே அக்பரியில் கணக்கே தந்திருக்கிறார். அக்பரே நக்காரா வாசிப்பதில் கைதேர்ந்தவர் என்றும் அவர் எழுதுகிறார். பேரரசு மறைந்தது; அந்தச் சொல் நம்மிடம் தங்கிற்று. நாகூர் தர்காவில் முழங்கும் நகரா, போர்க்களத்திலிருந்து இறையடியார் வாசலுக்கு வந்து அமைதி பெற்ற கருவியாகும்.

ஆங்கிலேயரின் சென்னைப் படை வேறொரு வழியில் இசையைக் கையாண்டது. 1795-இல் கம்பெனி அரசு பிறப்பித்த ஆணையின்படி, தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதோர் படையில் போர்வீரராகச் சேர முடியாது. குழல் ஊதுவோராகவும் முழவு அடிப்போராகவும் பேண்டு வாசிப்போராகவும் குதிரை இலாடம் கட்டுவோராகவும் மட்டுமே சேரலாம். துப்பாக்கி தர அஞ்சியவர்களுக்கு முழவைத் தந்தனர். போர் மூண்டால் பேண்டு வாசிப்போர் கருவிகளை வைத்துவிட்டுத் தூளி எடுத்துக் காயமுற்றோரைச் சுமப்பர். இவ்வழக்கம் ஆங்கிலப் படையிலிருந்து இந்தியப் படைக்கும் வந்து இன்றும் தொடர்கிறது.

பேண்டின் வேலை வீர உணர்ச்சி ஊட்டுவது மட்டும் என்று எண்ணுவோர் உண்டு. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மையில் அதன் முதல் வேலை கணக்கு. காலாட்படையின் வழக்கமான விரைநடை நிமிடத்திற்கு 120 அடி வைப்பு. ஒவ்வொன்றும் 30 அங்குலம். அப்படியானால் நிமிடத்திற்கு 100 கஜம். மணிக்கு 50 நிமிடம் நடந்து 10 நிமிடம் இளைப்பாறினால், சுமையோடு ஏறத்தாழ மூன்று மைல். ரைபிள் படைகளும் கூர்க்காப் படைகளும் நிமிடத்திற்கு 140 அடி வரை விரைவர். பெரிய டிரம்மின் அடி இடக்கால் தரையில் படும்போது விழ வேண்டும். ஆயிரம் பேர் ஒருவர் குதிகாலை ஒருவர் மிதிக்காமல் நடப்பதற்கு இந்த ஒழுங்கு வேண்டும். அவ்வாறு நடக்க நடக்க, தனி மனிதனின் களைப்பு கூட்டத்தின் நடையில் கரைகிறது. தன் கால் தன்னுடையது அன்று, படையினுடையது என்ற உணர்வு வருகிறது. இது நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும். நம் பாளையங்களை 1801-இல் அடக்க வந்த கம்பெனிப் படைகளும் முழவொலிக்கு ஏற்ப நடந்தவையே என்பதை மறந்துவிட்டு இசையைப் புகழ்வது நேர்மையாகாது.

பெரியவருடைய தந்தையின் கதைக்கு வருவோம்.

பழைய இராமநாதபுரம் மாவட்டத்து மக்களுக்குக் கடல் கடப்பது அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. நம்மவர் சபுராளிகளாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் கடை நடத்தச் சென்றனர். கரிசல் காட்டு ஏழைகள் தோட்டங்களுக்குப் பால் வெட்டச் சென்றனர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பூங்காவில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மோகன் சிங் தலைமையில் எழுந்த முதல் இந்திய தேசிய இராணுவம் அவ்வாண்டு இறுதிக்குள் குலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகே அது மீண்டும் உயிர் பெற்றது. ஜூலை 5-இல் பாடாங் திடலில் அணிவகுப்பைப் பார்வையிட்டு, தில்லியை நோக்கி நடக்குமாறு அவர் அறைகூவினார்.

அந்தப் படையின் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சரணடைந்த பஞ்சாபிய, பட்டாணிய, சீக்கிய, கூர்க்காச் சிப்பாய்கள். மறுபக்கம் துப்பாக்கியைத் தொட்டறியாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் தமிழ்ப் பெண்கள் மிகுதி. கட்டளைகள் இந்துஸ்தானியில். கரிசல் காட்டுப் பேச்சன்றி வேறறியாதவனும், பெஷாவரத்துக் கானும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இவர்களை ஒன்றாக்க உரை போதாது. பாட்டு வேண்டியிருந்தது.

அப்பணியை ஏற்றவர் கேப்டன் ராம் சிங் தாகூரி. இமயச் சாரலில் தர்மசாலாவை அடுத்த சிற்றூரில் 1914-இல் பிறந்த கூர்க்கா இனத்தவர். சிறுவனாகவே முதலாம் கூர்க்கா ரைபிள்ஸ் பேண்டில் சேர்ந்து ஆங்கில முறை இராணுவ இசையைக் கற்றவர். மலேயாவில் போர்க்கைதியாகிப் பின் தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். ஆங்கிலேயன் கற்றுத் தந்த இசையை ஆங்கிலேயனுக்கு எதிராகவே திருப்பினார். நேதாஜி அவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார். வம்சீதர் சுக்லா எழுதிய ‘கதம் கதம் பதாயே ஜா’ என்னும் நடைப்பாட்டுக்கு அவர் தந்த மெட்டைக் கேட்டவர்கள், மொழி தெரியாவிட்டாலும் கால் அசைக்காமல் இருக்க மாட்டார்கள். நம் குமாரலிங்கபுரத்துக்காரரும் அவ்வாறே பொருளறியாமல் நடந்திருப்பார் என்று கருதுகிறோம்.

நாட்டுப் பாடல் எது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. வந்தே மாதரம் பற்றி முஸ்லிம்களிடையே மறுப்பு இருந்ததும், அதன் முதல் இரு பகுதிகளை மட்டும் பாடலாம் எனக் காங்கிரஸ் 1937-இல் முடிவு செய்ததும் போஸ் நன்கறிந்தவை. அவர் ஜெர்மனியில் இருந்த காலத்திலேயே தாகூரின் ஜன கண மனவைத் தேர்ந்துவிட்டார். 1942 செப்டம்பர் 11-இல் ஹாம்பர்க் நகரில் இந்திய-ஜெர்மானியக் கழகத் தொடக்க விழாவில் ஓர் ஐரோப்பிய இசைக்குழு அதனை வாசித்தது. அங்கே அவருக்கு உறுதுணையாக இருந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹஸன். 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டபோது உடன் சென்ற ஒரே இந்தியர் இவரே. மடகாஸ்கர் அருகே கொந்தளிக்கும் கடலில் ஜெர்மானியக் கப்பலிலிருந்து ஜப்பானியக் கப்பலுக்கு இருவரும் மாறினர். ‘ஜெய் ஹிந்த்’ என்னும் வணக்க மொழி உருவாகக் காரணமானவரும் ஆபித் ஹஸனே என்பர்.

தாகூரின் பாடலில் வடமொழிச் சொற்கள் மிகுதி, சிப்பாய்க்கு விளங்காது. ஆகவே எல்லாரும் அறிந்த இந்துஸ்தானியில் அதனை வார்க்கும் பணி ஆபித் ஹஸனிடமும் மும்தாஜ் ஹுஸைனிடமும் வந்தது. அவ்விருவரும் எழுதிய ‘சுப் சுக் சைன்’ என்னும் பாடலுக்கு ராம் சிங் பேண்டு இசை அமைத்தார். வங்கத்து இந்து கவிஞர் பாடியதை இரு முஸ்லிம்கள் இந்துஸ்தானியில் வார்க்க, ஒரு கூர்க்கா இசையமைக்க, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிமிர்ந்து நின்று பாடினர். 1943 அக்டோபர் 21-இல் கத்தே அரங்கில் பிரகடனம் செய்யப்பட்ட ஆசாத் ஹிந்து அரசின் நாட்டுப் பாடல் இதுவாயிற்று. அவ்வரசின் ஆலோசகர்களுள் நம் தமிழ் முஸ்லிம் பெருமகன் கரீம் கனியும் ஒருவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

ஆனால் பாட்டால் மட்டும் போர் வெல்லப்படுவதில்லை. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு ஜூலையில் கைவிடப்பட்டது. ஏப்ரல் 14-இல் மொய்ராங்கில் கர்னல் சௌகத் அலி மாலிக் கொடியேற்றினார். மழை தொடங்கியதும் எல்லாம் மாறிற்று. அரிசி வரவில்லை, மருந்து வரவில்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் குண்டுகளைவிடக் கொடியனவாயின. மலைக்காட்டுச் சேற்றில் பெரிய டிரம்மைச் சுமந்து செல்ல யாரால் இயலும்? நிமிடத்திற்கு 120 அடி என்ற கணக்கு அங்கே செல்லாது. தடி ஊன்றி ஒவ்வோர் அடியாக நடந்தனர். பின்வாங்கிய அம்மனிதர்களைப் பற்றி ஆபித் ஹஸன் பிற்காலத்தில் ஓர் உரையே நிகழ்த்தினார். நாட்டின் எல்லாத் திசைகளையும் எல்லா மதங்களையும் சேர்ந்தவர்கள் நோயோடும் புண்ணோடும் ஒருவரையொருவர் தாங்கி வந்ததை அவர் அதில் உருக்கமாகச் சொல்கிறார்.

இசை படையின் மனத்தைக் காக்கும் என்போர் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும் என்பது நம் கருத்து. பசித்தவனுக்குப் பண் உணவாகாது. புறப்படுபவனை அது நிமிர்த்தும். நிற்பவனை வரிசையில் நிறுத்தும். சேற்றில் வீழ்ந்தவனை எழுப்ப அதனால் ஆவதில்லை. அங்கே எழுப்பியது பக்கத்தில் வந்தவனின் தோள். ஆனால் அந்தத் தோளைத் தன் தோளாக எண்ணும் பழக்கம், சிங்கப்பூர்த் திடலில் ஒரே தாளத்திற்குக் கால் எடுத்து வைத்த நாட்களில் வந்ததன்றோ? அந்த அளவிற்கு இசைக்கு அதில் பங்குண்டு.

1945 ஜூலை 8-இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் மாண்ட வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப நேதாஜி அடிக்கல் நாட்டினார். அதில் பொறிக்கப்பட்டவை மூன்று சொற்கள்: இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். இரண்டு மாதம் கழித்து ஆங்கிலேயர் திரும்பி வந்து, மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அச்சின்னத்தைத் தகர்த்தெறிந்தனர். பாட்டைத் தகர்க்க வெடிமருந்து ஏது? 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் விசாரணை தொடங்கியதும், போர்க்களத்தில் தோற்ற படையின் பாட்டும் வணக்க மொழியும் இந்தியத் தெருக்களில் வென்றன. 1946 பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் வாயிலும் ‘ஜெய் ஹிந்த்’ ஒலித்தது.

நாட்டுப் பாடலைத் தேர்ந்தெடுத்ததிலும் பேண்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. 1947-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற நம் குழுவினரிடம் இந்திய நாட்டுப் பாடலின் இசை கேட்கப்பட்டது, அவர்கள் ஜன கண மன இசைத்தட்டைக் கொடுத்தனர், இசைக்குழு வாசித்தது, பலரும் பாராட்டினர். 1948 ஆகஸ்டில் நேரு இதனை அரசியல் நிர்ணய சபையில் எடுத்துக் கூறி, நாட்டுப் பாடலுக்குச் சொற்களைவிட மெட்டே முதன்மை என்றும், பேண்டும் இசைக்குழுவும் வாசிக்க ஏற்றதாக அது இருக்கவேண்டும் என்றும் விளக்கினார். 1950 ஜனவரி 24-இல் அதுவே நாட்டுப் பாடலாயிற்று.

ராம் சிங் பின்னர் லக்னோவில் உத்தரப் பிரதேசக் காவல் படையின் பேண்டுக்குத் தலைமை ஏற்று, 2002 ஏப்ரல் 15-இல் காலமானார். ஆபித் ஹஸன் சுதந்திர இந்தியாவின் தூதுவராக டென்மார்க் முதலிய நாடுகளில் பணியாற்றி 1984-இல் மறைந்தார். ‘கதம் கதம்’ இன்று இந்திய இராணுவ பேண்டுகள் வாசிக்கும் நடைப்பாட்டு.

குமாரலிங்கபுரத்துப் பெரியவரிடம் தந்தையாருக்குத் தியாகி ஓய்வூதியம் கிடைத்ததா என்று கேட்டோம். சான்று வேண்டும் என்றார்களாம். காட்டில் சான்று யார் கொடுப்பார் என்று கேட்டுவிட்டு அவர் வந்துவிட்டாராம். பிறகு அந்தப் பாட்டு நினைவிருக்கிறதா என்று வினவினோம். முதல் அடியை மட்டும் தமக்குத் தெரிந்த உச்சரிப்பில் பாடினார். மிச்சத்தைத் ‘தன்னனா’ போட்டு நிரப்பினார். ஊர்வலம் பந்தலை அடைந்து பேண்டுக்காரர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்தனர். கிளாரினெட் வாசிக்கும் இளைஞர் அருகில் வந்து, “இன்னொருக்கா பாடுங்க தாத்தா” என்றார்.